சியென்னா வானும் 14 அடிப் படகும்: எந்த ட்ரெய்லர் பொருந்தும்?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டொரன்டோவின் ஸ்காபரோவில் இருக்கிறீர்கள். 14 அடி அலுமினியப் படகும் 20 குதிரைவலு மோட்டாரும் கைக்கு வரப்போகின்றன. இழுப்பதற்கு வீட்டில் நிற்பது முன்சக்கர இயக்கமுள்ள டொயோட்டா சியென்னா. இரண்டு பழைய ட்ரெய்லர்களைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்று 8 அங்குலச் சக்கரமும் ரப்பர் உருளைகளும் உள்ள மலிவானது. மற்றது 2,000 இறாத்தல் தாங்கும், கம்பளம் சுற்றிய பலகைகள் வைத்த கனமானது. "பெரியதை வாங்கிவிட்டால் தலையிடி இல்லைதானே?" என்று முடித்திருக்கிறீர்கள். எது பலமானது என்று கேட்டாலும், ஒரு சனிக்கிழமை காலை, பின்னால் ஐந்து வாகனங்கள் வரிசையில் நிற்க, உதவிக்கு ஒருவரும் இல்லாமல் படகை இறக்கி ஏற்ற முடியுமா, 401 நெடுஞ்சாலையில் ஓரம் கட்டாமல் போய் வர முடியுமா என்பதுதான் உங்கள் மனதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கே பதில் எழுதுகிறேன். அந்தக் கணக்கில் பார்த்தால் இரண்டுமே உங்களுக்குச் சரிவராது.

நான் படகு திருத்தும் கடையொன்றில் பதினொரு வருடம் வேலை செய்தவன், பெரும்பாலும் ட்ரெய்லர் பக்கம். ஊரில் வள்ளம் இறக்க நாலு பேருடைய தோளும் ஈர மணலும் போதும். ட்ரெய்லர் என்ற சாமானைக் கிட்ட நின்று பார்த்ததே இங்கே வந்த பிறகுதான். 18 அடிக்கு மேற்பட்ட படகுகள், இரட்டை அச்சு ட்ரெய்லர்கள், பாய்மரப் படகுகள் பற்றி எனக்குக் கைப்பழக்கம் குறைவு. உப்புத் தண்ணீரில் ட்ரெய்லர் இறக்கிய அனுபவமும் இல்லை. நான் சொல்வதெல்லாம் ஒன்டாரியோவின் ஏரிகளுக்கும் உங்களுடையது போன்ற சின்னப் படகுகளுக்கும் உரியது.

நிறையிலிருந்து தொடங்குவோம். அது ஊகமில்லாமல் கணக்குப் போடக்கூடிய விஷயம். 14 அடித் திறந்த அலுமினியப் படகு வெறும் கூடாக ஏறத்தாழ 130 கிலோ என்று வையுங்கள். 20 குதிரைவலு நாலு ஸ்ட்ரோக் மோட்டார் 45 முதல் 52 கிலோ வரும். 25 லீற்றர் பெற்றோலும் தாங்கியும் சேர்ந்து 20 கிலோ. பெரிய பேட்டரி ஒன்று 25. நங்கூரம், உயிர்காப்பு அங்கிகள், தூண்டில்கள், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்து 40. ஆக 265 கிலோவுக்கு அண்ணளவாக வருகிறது. ட்ரெய்லர் தாங்கும் அளவில் 85 சதவீதத்துக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்ல பழக்கம். அப்படிப் பார்த்தால் 312 கிலோவாவது தாங்கக்கூடிய ட்ரெய்லர் வேண்டும். சந்தையில் 800 இறாத்தல், அதாவது 363 கிலோ என்று வருவதும், 1,200 இறாத்தல், அதாவது 544 கிலோ என்று வருவதும் உங்களுக்குப் பொருந்தும். ட்ரெய்லரின் சொந்த நிறையையும் கூட்டினால் வான் இழுக்கப்போவது 400 கிலோ சொச்சம். சியென்னாவுக்கு டொயோட்டா சொல்லும் எல்லை 3,500 இறாத்தல், கிட்டத்தட்ட 1,590 கிலோ. ஆகவே இழுவையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒன்டாரியோவில் மொத்த நிறை 1,360 கிலோவைத் தொட்டால்தான் ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். உங்களுக்கு அந்தச் செலவும் இல்லை.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் 2,000 இறாத்தல் ட்ரெய்லர் வேண்டாம் என்கிறேன். 900 கிலோவைச் சுமக்கச் செய்த ஸ்பிரிங், 265 கிலோவுக்கு வளைந்தே கொடுக்காது. பாதையில் ஒவ்வொரு குழியிலும் ட்ரெய்லர் முழுதாகத் துள்ளும். அந்த அடியை ஸ்பிரிங் வாங்காவிட்டால் படகின் அடித்தட்டுத்தான் வாங்கும். ஆணி அறைந்து கட்டிய அலுமினியப் படகு என்றால் இரண்டு மூன்று பருவத்தில் ஆணிகள் தளர்ந்து தண்ணீர் கசியத் தொடங்கும். "ஏரியில் எங்கேயும் முட்டவில்லை, எப்படி ஒழுகுகிறது?" என்று கேட்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முட்டியது ஏரியில் இல்லை, நெடுஞ்சாலையில். சிலர் ஸ்பிரிங்கில் ஒரு தகட்டைக் கழற்றி மென்மையாக்குவார்கள். அது செய்யக்கூடியதுதான், ஆனால் கழற்றிய பிறகு அது எவ்வளவு தாங்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். நான் பரிந்துரைப்பதில்லை.

மலிவானதின் குறை அதன் சக்கரம். 8 அங்குல ரிம்மில் ஏறும் டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 16 அங்குலம். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் அது நிமிடத்துக்கு 1,300 தடவைக்கு மேல் சுற்றும். 12 அங்குல ரிம் என்றால் ஆயிரம் தடவை. 13 அங்குலம் என்றால் 870 போல. உங்கள் வானின் சக்கரம் இதே வேகத்தில் 750 தடவை போலத்தான் சுற்றுகிறது. அந்தச் சின்னப் பேரிங், ஒட்டிக்கொண்டிருக்கும் கிழட்டு கிரீஸுடன் சிம்கோ ஏரி வரை அப்படிச் சுற்றினால் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள். ஏரியிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் வீடு இருப்பவருக்கு 8 அங்குலச் சக்கரம் போதும். ஸ்காபரோவிலிருந்து ஸ்கூகொக், ரைஸ், சிம்கோ என்று போகப்போகிறவருக்கு 12 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

டயரைப் பற்றி இன்னொன்று. பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கம் செய்த வாரமும் வருடமும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்று நின்று வெயிலில் வெடித்துச் சாகிறது. பூ அழியாமல் புதிதாய்த் தெரிந்தாலும் ஆறு வயது தாண்டியிருந்தால் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். காற்று அளவும் கார் டயர் மாதிரி இல்லை. சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்கே குளிர்ந்த டயரில் அடிக்க வேண்டும். சின்ன டயர்களில் அது 60, 90 பிஎஸ்ஐ என்று இருக்கும், பார்த்துப் பயந்துவிடாதீர்கள். உபரிச் சக்கரம் ஒன்று இல்லாமல் நெடுஞ்சாலையில் ஏறவேண்டாம். வானில் இருக்கும் நட்டுத் திறப்பு ட்ரெய்லர் நட்டுக்குப் பொருந்துமா என்று வீட்டிலேயே பார்த்து வையுங்கள்.

அடுத்தது உருளையா, பலகையா. பழகியவர்களிடையே ஒருநாளும் தீராத சண்டை இது, நானும் தீர்க்கப்போவதில்லை. உருளை வைத்த ட்ரெய்லரில் படகு இலகுவாக உருளும். சக்கரத்தின் நடுப்பகுதி வரை தண்ணீரில் போனால் போதும், இறங்கிவிடும். ஸ்கூகொக் ஏரியின் சராசரி ஆழமே ஒன்றரை மீற்றருக்குக் குறைவு. அப்படி ஆழமில்லாத கரைகளில் உருளைதான் கைகொடுக்கும். ஆனால் நிறை முழுவதும் சில புள்ளிகளில் விழும். பலகை, அதாவது இங்கே பங்க் என்கிறார்களே, அது படகின் நீளம் முழுக்கத் தாங்கும், வழியில் படகு அசையாது. ஆனால் சக்கரத்தின் மட்காட் தண்ணீரில் மறைகிற அளவுக்கு இறக்கினால்தான் படகு மிதந்து விடுபடும். உங்கள் படகுக்கு நான் எடுப்பது இரண்டும் கலந்தது: இரண்டு பக்கமும் நீளப் பலகை, நடுவில் படகின் அடிமுதுகான ஏராவைத் தாங்க இரண்டோ மூன்றோ உருளை, கடைசியில் ஒன்று கட்டாயம். படகு ஏறும்போது அந்தக் கடைசி உருளை வழி காட்டும்.

உருளை ட்ரெய்லரில் ஒரு ஆபத்து உண்டு, அதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் வருடம். படகு இறக்கும் துறையின் சரிவில் மேலேயே, படகை இழுத்துப் பிடிக்கும் வின்ச்சின் கொக்கியைக் கழற்றிவிட்டேன், தண்ணீருக்குப் போனதும் நேரம் மிச்சமாகும் என்ற கெட்டித்தனத்தில். வானைப் பின்னால் எடுத்து ஒரு பிரேக் போட்டதும் படகு உருளைகளின் மேலால் சத்தமே இல்லாமல் வழுக்கிப்போய்ப் பாதி கொங்கிரீட்டிலும் பாதி தண்ணீரிலும் உட்கார்ந்துவிட்டது. மோட்டாரின் அடித்துடுப்பு சிராய்த்த சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தில் நின்ற கிழவர் ஒன்றும் பேசாமல் தன் கோப்பியை என்னிடம் பிடிக்கத் தந்துவிட்டு வந்து தூக்கினார். படகு தண்ணீரில் இறங்கும்வரை வின்ச் கொக்கியையும் முன்பக்கச் சங்கிலியையும் கழற்றவேண்டாம். பலகை ட்ரெய்லர் என்றாலும் அப்படித்தான்.

பலகையைப் பற்றிச் சொல்லும்போது, அலுமினியப் படகு வாங்குகிற பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லவேண்டும். பழைய பலகை உக்கிவிட்டால் சிலர் ஹார்ட்வேர் கடையில் பச்சை நிறத் திரவம் ஏற்றிய மரத்தை வாங்கிப் போட்டுவிடுவார்கள், உக்காது என்று. அந்தத் திரவத்தில் செம்பு இருக்கிறது. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரிபடும். கம்பளம் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால் ஈரம் காய்வதும் இல்லை. எங்கள் கடைக்கு வந்த ஒரு படகைத் திருப்பிப் போட்டபோது, பலகை இருந்த இடத்தில் மட்டும் இரண்டு நேர் கோடாக வெள்ளைத் தூள் பூத்திருந்தது. விரலால் துடைத்தால் கீழே ஊசி குத்தியது போலக் குழிகள். ஆகவே கம்பளத்தின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி மரத்தைப் பாருங்கள். பச்சை தெரிந்தால் வாங்கியவுடன் செம்பு ஏற்றாத சாதாரண மரத்துக்கு மாற்றிவிடுங்கள். சில வருடத்துக்கு ஒரு தடவை உக்கும், பரவாயில்லை. இரண்டு துண்டு மரம் மாற்றும் காசு படகின் அடித்தட்டை ஒட்டும் காசில் பத்தில் ஒன்றுகூட வராது.

பலகை எங்கே முடிகிறது என்பதும் முக்கியம். மோட்டார் தொங்கும் பின்பலகைக்கு நேர் கீழே, அல்லது அதற்கு ஒரு அங்குலம் வெளியே முடியவேண்டும். படகின் பின்பக்கம் ஓரடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 50 கிலோ மோட்டார் ஒவ்வொரு துள்ளலிலும் அதைக் கீழே இழுக்கும். இந்தப் பொருத்தத்தைப் படத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. அளவுநாடா கொண்டுபோங்கள். படகில் அணியத்தின், அதாவது முன்முனையின், வளையத்திலிருந்து பின்பலகை வரை ஒரு அளவு. ட்ரெய்லரில் வின்ச் தூணின் ரப்பரிலிருந்து பலகையின் கடைசி வரை ஒரு அளவு. இரண்டும் ஒத்துவர வேண்டும், அல்லது வின்ச் தூணை முன்னால் பின்னால் நகர்த்தி ஒத்துவரச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்.

அந்தத் தூணை நகர்த்தினால் ட்ரெய்லர் மூக்கின், அதாவது வானோடு பூட்டும் முன்முனையின், பாரமும் மாறும். வானின் பின்னால் ட்ரெய்லரைப் பூட்டும் ஹிட்சில் அழுத்தும் பாரம் மொத்த நிறையில் 7 முதல் 10 சதவீதம் இருந்தால் நல்லது, உங்களுக்கு 30 முதல் 40 கிலோ. குளியலறைத் தராசை ஒரு கல்லின் மேல் வைத்து, ட்ரெய்லர் மட்டமாக நிற்க, மூக்கை அதன் மேல் இறக்கினால் தெரிந்துவிடும். பாரம் குறைந்தால் 80க்கு மேல் போகும்போது ட்ரெய்லர் நாய்வால் மாதிரி ஆடும். அந்த ஆட்டம் தொடங்கியபின் அடக்குவது கடினம், அதனால் இதில் சமரசம் வேண்டாம். கூடினால் வானின் பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரத்தின் பிடி குறையும், துறையில் அது உங்களுக்கே பாதகம்.

ஹிட்சில் மாட்டும் அந்த உருண்டை இருக்கிறதே (பால் என்று எழுதினால் குடிக்கிற பால் ஆகிவிடுகிறது, உருண்டை என்றே எழுதுகிறேன்), சின்ன ட்ரெய்லர்களில் அது 1⅞ அங்குலம் அல்லது 2 அங்குலம். எது வேண்டும் என்று, உருண்டையைக் கவ்வும் ட்ரெய்லரின் கப்ளர் மேலேயே பொறித்திருக்கும். 2 அங்குலக் கப்ளரை 1⅞ உருண்டையில் போட்டால் பூட்டியது போலவே இருக்கும், பாலத்தின் ஏற்ற இறக்கத்தில் கழன்றுவிடும். பூட்டியபிறகு ட்ரெய்லரின் ஜாக்கைச் சுற்றி மூக்கை உயர்த்திப் பாருங்கள். வானின் பின்பக்கமும் சேர்ந்து உயர்ந்தால் சரி. பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் மூக்கின் கீழே ஒன்றையொன்று குறுக்காகப் போடுங்கள். மூக்கு கழன்றால் நிலத்தில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும்.

இப்போது முன்சக்கர இயக்கம். நல்ல துறைகள் 12 முதல் 15 சதவீதச் சரிவில் கட்டப்பட்டிருக்கும். படகோடு மேலே ஏறும்போது பாரமெல்லாம் பின்னுக்குப் போகும், இழுக்கும் சக்கரமோ முன்னால் இருக்கிறது. பாசி பிடித்த கொங்கிரீட் என்றால் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கும். 400 கிலோவை சியென்னா பெரும்பாலும் எடுத்துவிடும், நான் முன்பு வைத்திருந்த வானும் முன்சக்கரம்தான். ஆனாலும் இரண்டு ஏற்பாடு. ஒன்று, மூக்கு நீளமான ட்ரெய்லராகத் தேடுங்கள். அப்போதுதான் ட்ரெய்லர் தண்ணீரில் இருக்கும்போது வானின் சக்கரம் காய்ந்த இடத்தில் இருக்கும். பின்னால் எடுப்பதும் நீள மூக்கில் சுகம். குட்டை ட்ரெய்லர் ஸ்டியரிங்கைச் சாய்த்த அடுத்த கணமே மடங்கிவிடும். கராஜுக்குள் அடங்காது என்று யோசித்தால், மூக்கு மடங்கும் வகையும் உண்டு. இரண்டு, ட்ரெய்லரின் பின்மூலைகளில் உயரமாக நிற்கும் இரண்டு வழிகாட்டிக் கம்பங்கள். படகு இறங்கியபின் வெறும் ட்ரெய்லர் சியென்னாவின் பின்கண்ணாடியில் தெரியவே தெரியாது, கம்பம் இருந்தால் தெரியும். காற்று அடிக்கும்போது தனியாளாகப் படகை ஏற்றவும் அவைதான் துணை.

ஏற்றும்போது புதியவர்கள் செய்யும் பிழை ட்ரெய்லரை அளவுக்கு மீறி ஆழத்தில் இறக்குவது. படகு பலகைக்கு மேல் மிதந்து காற்றுக்குத் திரும்பிவிடும். மேலே இழுத்தால் கோணலாக உட்காரும். முன்பாதிப் பலகை கொஞ்சம் வெளியே தெரிகிற அளவில் நிறுத்தி, கடைசி இரண்டு மூன்று அடியை வின்ச்சால் இழுங்கள். மோட்டாரை முடுக்கி ஏற்றுபவர்களைப் பார்ப்பீர்கள். துறையின் கீழ்முனையில் மண் தோண்டுப்பட்டுக் குழி விழுவது அதனால்தான்.

சட்டகம் துத்தநாகப் பூச்சா, பெயின்றா என்று கேட்பீர்கள். ஏரி நன்னீர் என்பதால் பெயின்ற் போதும் என்று கடைக்காரர் சொல்லலாம். ஆனால் இங்கே உப்பு ஏரியில் இல்லை, பாதையில் இருக்கிறது, குளிர்காலத்தில் கொட்டியது வசந்தத்திலும் கிடக்கும். விலை வித்தியாசம் தாங்கக்கூடியதென்றால் துத்தநாகம் பூசியதை எடுங்கள். பெயின்ற் அடித்த குழாய்ச் சட்டகம் என்றால் குழாயின் அடிப்பக்கத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் மந்தமாகும் இடத்தில் உள்ளே துரு தின்றிருக்கும். விளக்கு எல்ஈடியாக, தண்ணீர் புகாததாக இருக்கட்டும். விளக்கு மின்னி மின்னி எரிந்தால் முதலில் வெள்ளை வயர் சட்டகத்தில் பூட்டிய இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பத்தில் எட்டுத் தடவை பிழை அங்கேதான்.

காகித வேலை சின்னது. ட்ரெய்லருக்குச் சொந்தமாக இலக்கத் தகடும் பெர்மிட்டும் வேண்டும், சேவிஸ் ஒன்டாரியோவில் ஒருமுறை எடுத்தால் வருடாவருடம் புதுப்பிக்கத் தேவையில்லை. விற்பவரிடம் உரிமைப் பத்திரம் இல்லையென்றால் விலையைக் கேட்காமலே திரும்பி வந்துவிடுங்கள். 2022 தொடக்கத்திலிருந்து இங்கே இன்னொரு விதியும் உண்டு: ஏரியை விட்டுப் பாதையில் ஏறுமுன் படகிலும் ட்ரெய்லரிலும் ஒட்டிய தாவரங்களை எடுத்துவிட வேண்டும், படகின் தக்கையைக் கழற்றித் தண்ணீரை வடிக்க வேண்டும். சீப்ராச் சிப்பி போன்றவை ஏரிக்கு ஏரி பரவுவதைத் தடுக்கத்தான். பலகைக்கும் சட்டகத்துக்கும் இடையில் பாசி சிக்கும், அங்கேயும் பாருங்கள். தக்கையைக் கழற்றுகிறவர்கள் அடுத்தமுறை போட மறப்பார்கள். நான் என் தக்கையை வின்ச் கைப்பிடியில் கட்டித் தொங்கவிடுகிறேன். கையை வைத்தால் அது தட்டுப்படும்.

ஆக, 1,000 முதல் 1,200 இறாத்தல் தாங்கும், 12 அல்லது 13 அங்குலச் சக்கரமுள்ள, பலகையும் நடு உருளையும் கலந்த, மூக்கு நீளமான ட்ரெய்லர் ஒன்றைத் தேடுங்கள். கிடைக்கும்வரை பொறுக்க முடியாமல் அந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுப்பேன் என்றால், மலிவானதை எடுங்கள். ஆனால் முதலில் அதன் தகட்டில் எழுதியிருக்கும் தாங்குநிறை 312 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பிறகு அதன் அச்சையும் சக்கரத்தையும் 12 அங்குலத்துக்கு மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொண்டு விலை பேசுங்கள். கனமானதின் ஸ்பிரிங்கை மாற்றி அதைப் பொருத்தமாக்குவதைவிட இது இலகு.

எதை வாங்கினாலும், வீட்டுக்கு இழுத்துவருமுன் சக்கரத்தை ஜாக்கில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று கேட்டால் பேரிங் போய்விட்டது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லூசாக இருந்தாலும் அதேதான். வழியில் இருபது நிமிடம் ஓடியதும் ஓரிடத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவில் புறங்கையை மெதுவாக வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அதற்கு மேல் ஓட்ட வேண்டாம், அங்கேயே விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். துறைக்குப் போனதும் இதே சோதனை. பேரிங் இருக்கும் சக்கர நடுவை, அதாவது ஹப்பை, சூடாகக் குளிர் தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்றுச் சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். எவ்வளவு உறிஞ்சும் என்பது சீலின் வயதைப் பொறுத்தது, புதுச் சீல் தாங்கிவிடுகிறது என்று வாதிடுபவர்களும் உண்டு. நான் காத்திருப்பேன். தூண்டிலைக் கட்டவும் தக்கையைப் போடவும் எப்படியும் பத்து நிமிடம் எடுக்கும். ஒக்டோபரில் படகை மூடி வைக்கும்போது பேரிங்கின் பழைய கிரீஸைத் துடைத்து எடுத்துவிட்டுப் புதியதை அடைத்துவிடுங்கள். உள்ளே தண்ணீர் நின்றால் குளிர்காலம் முழுக்க இருந்து துருவாக்கிவிடும். வசந்தத்தில் எங்கள் கடைக்கு வந்த முதல் பத்து ட்ரெய்லரில் பாதி அதற்காகத்தான் வந்தன.